காகிதப் பாதம்

சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒடெல்லாவின் இடது கால் சூம்பிப்போனது. அம்மா லுவீனியா வருஷக்கணக்கில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, நீவிவிட்டு அவளை நடக்கவைத்தாள். நடந்தால் போதுமா? ஷூ வேண்டுமே. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் அந்த ஊரில் அவர்களைப் போன்ற கறுப்பர்கள் கடையில் ஷூவைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டுபோய் வெள்ளைக்காரக் கடை முதலாளி ப்ரூவிட்டிடம் நீட்ட வேண்டும். செத்த எலியைத் தூக்குவதுபோல் அதை இரண்டு விரலால் வாங்குவார் அந்த மனுஷர். வாங்கிய ஷூ கடித்தால் கடிபட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் காலோடு ஓடித்தான் ஒடெல்லா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினாள். ஊர் திரும்பிய மறுநாளே ப்ரூவிட் பல்லை இளித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“நீ ஓடின ஷூவக் குடும்மா. கடை முகப்புல, கண்ணாடிக்குள்ள வைக்கிறேன். ஊருக்கே பெருமை!”

ஒடெல்லா அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “எங்கம்மா உங்க கடையில உக்காந்து ஷூ போட்டுப் பாக்கலாமா?”

“அது எப்படிம்மா? அப்புறம் அத வெள்ளக்காரங்க யாரு வாங்குவாங்க?”

“இவ வேர்வை நாறுற ஷூ மட்டும் உள்ள வரலாமாக்கும்!” என்றாள் மகளுக்குப் பின்னால் நின்ற லுவீனியா.

ஒடெல்லா உள்ளே போனாள். காகிதத்தில் இடது காலை வைத்து வரைந்து வெட்டினாள். வெளியே வந்து, அதை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள்.

“உங்க கடைக்குள்ள என் கால் வந்தது இவ்வளவுதான். இதையே வைங்க.”