ராஜாவின் சாப்பாட்டு இசைக்குக் காக்கா இறகு

1. கோடவுனில் ஒரு பெட்டி

“செல்வராசு, அதை மூடி வெச்சிட்டு வாப்பா. கோடவுன்ல இன்னொரு மிஷின் கெடக்குது. அதுலயும் வரிசையா கீ இருக்குது. நீ பாத்தா எதுனா தெரியும்” என்றார் உப்பு ஆபீசர்.

நான் டைப்ரைட்டர் மெக்கானிக். எழுபதுகளில் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து மரக்காணம் உப்பு ஆபீசுக்கு சர்வீசுக்குப் போவேன். மற்ற ஊர்களில் பத்து வருஷம் உழைக்கிற ஸ்பிரிங் அந்த உப்புக்காற்றில் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து உதிரும். எனக்கு அங்கே எப்போதும் வேலை இருந்தது.

அது புரட்டாசி மாதம். திடீர் மழையில் பாண்டிச்சேரி மெயின் ரோடு அறுத்துக்கொண்டது. மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போன வேன் திண்டிவனத்தில் திரும்பி, பெருமுக்கல் வழியாக மரக்காணத்துக்கு வந்திருக்கிறது. வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் வேனுக்கு ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது. பெட்டியை நனையவிடக் கூடாது என்று அன்று மாலையே உப்பு கோடவுனில் இறக்கி வைத்திருக்கிறார்கள். நான் போனது அதற்கு மறுநாள் காலையில்.

கோடவுனுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். வேன் டிரைவர் அந்துவான், பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவார். வெளியே உப்புக் குவியலுக்குக் கீற்று மூடிக்கொண்டிருந்த காசியம்மா வேடிக்கை பார்க்க வந்து கதவருகே நின்றிருந்தாள். மூன்றாவது ஆள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள். தகவல் தெரிந்து விடியற்காலையில் பாண்டிச்சேரியிலிருந்து கார் பிடித்து வந்தவர். கவுன் விளிம்பெல்லாம் சேறு. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டிக்குள் நீளமாக, ஒரு பக்கம் வளைந்து, பறவையின் ஒற்றைச் சிறகு போல ஒரு வாத்தியம்.

“பியானோவா?” என்று கேட்டேன்.

“பியானோ இல்ல, க்ளாவ்சேன். பியானோ வர்றதுக்கு முன்னாடி பிரான்ஸ் ராஜா அரமனையில வாசிச்சது. நாளைக்கு சாயங்காலம் பாண்டிச்சேரில இந்த மதாமோட கச்சேரி. டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு” என்றார் அந்துவான்.

மதாம் ஒரு கீயை அழுத்தினார். அது கீழே போனது, மேலே வரவில்லை. அடுத்ததை அழுத்தினார். அதுவும் அப்படியே. எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றது. இது எனக்குத் தெரிந்த வியாதி.

2. நான் செய்த தப்பு

கீயின் பின்முனையில் பட்டையான ஒரு மரக்குச்சி நிற்கிறது. கீயை அழுத்தினால் குச்சி எழும்பி, அதில் செருகியிருக்கும் சின்ன முள் கம்பியைச் சுண்டும். விட்டால் குச்சி கீழே விழும். விழும்போது முள் கம்பியில் மாட்டாமல் நழுவ ஒரு குட்டி நாக்கு உண்டு. குச்சியின் பேர் ‘சோத்ரோ’ என்றார் அந்துவான். குதிக்கிறது என்று அர்த்தமாம். டைப்ரைட்டரில் எழுத்துக்கை எழும்பி அடித்துவிட்டுத் திரும்புவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் தப்பு செய்தேன். மாட்டிக்கொண்டால் எண்ணெய் விடு என்பது என் கைக்குப் பழகிப்போன பாடம். யாரையும் கேட்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து ஒரு குச்சியின் பக்கவாட்டில் இரண்டு சொட்டு விட்டேன்.

“வேணாம்” என்று மதாம் கத்தினார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பிரெஞ்சில் படபடவென்று பேசினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“மரம் எண்ணெய் குடிச்சா இன்னும் ஊதும்ன்றாங்க. நீ போயிடுன்றாங்க” என்றார் அந்துவான்.

இரும்புக்கு மருந்தானது மரத்துக்கு விஷம். அது தெரியாமல் கைவைத்துவிட்டேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்தேன். அங்கே சுவரில் கைபட்டது. சுவர் வியர்த்திருந்தது. உப்பு ஈரத்தை இழுத்துச் சுவரெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனேன்.

“மதாம் கிட்ட சொல்லுங்க. நான் செஞ்சது தப்புதான். ஆனா இந்த எடத்துல வெச்சிருந்தா யார் வந்தாலும் சரி பண்ண முடியாது. மொதல்ல இதைக் காஞ்ச ரூமுக்கு மாத்தணும்.”

அந்துவான் சொன்னதும் மதாம் தானும் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆபீசில் காய்ந்த ரூம் ஒன்றுதான், ஆபீசருடையது. கிழக்கு வெயில் விழும், பலகை போட்ட தரை. கேட்கவே பயமாக இருந்தது. அவர் ஒரு நிமிஷம் தன் மேஜையைப் பார்த்தார். “நாலு பேரை கூப்புடு. என் டேபிளை வராந்தாவுல போடு” என்றார். அன்று முழுக்க வராந்தாவில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார்.

காசியம்மாவோடு சேர்ந்து ஆறு பேர் அந்தப் பெட்டியைத் தூக்கினோம். ரூமின் இரண்டு மூலைகளில் கரி அடுப்பு வைத்தோம். மத்தியானத்துக்குள் பாதிக் குச்சிகள் தானாகவே இளகின. மீதியை ஒவ்வொன்றாக உருவி, மதாம் காட்டியபடி உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, எண்ணெய்க்குப் பதிலாகப் பக்கவாட்டில் பென்சில் கரியைப் பூசினேன். எண்ணெய் பட்ட குச்சியை அவரே எடுத்துக்கொண்டு வெயிலில் வைத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

3. காக்கா இறகு

அதற்குப் பிறகுதான் பெரிய இடி. பள்ளத்தில் விழுந்த வேகத்தில் குச்சிகள் துள்ளி, முட்கள் ஒடிந்திருந்தன. எண்ணிப் பார்த்தோம், இருபத்தாறு. மாற்று முட்கள் வைத்திருந்த டிரங்குப் பெட்டி இன்னும் மெட்ராஸ் துறைமுகத்தில்.

ஒடிந்த முள்ளை வாங்கிப் பார்த்தேன். கறுப்பாக, நகக்கண் நீளம்கூட இல்லை. “இது இன்னா சாமான்?” என்றேன்.

“காக்கா இறகோட தண்டு” என்றார் அந்துவான்.

நான் நம்பவில்லை. ராஜா அரண்மனையில் காக்கா இறகா? மதாம் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். முன்னூறு வருஷத்துக்கு முன்பும் இதுதானாம்.

ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த காசியம்மா, “காக்கா றெக்கையா வேணும்? எங்க குப்பத்துல கருவாடு காயற எடத்துல வந்து பாருங்க. காக்கா றெக்கை உதுக்கிற மாசம் இது” என்றாள். அரைமணி நேரத்தில் ஒரு முறம் நிறைய இறகுகளோடு வந்தாள். வால் இறகை மதாம் ஒதுக்கினார். சிறகு முனையில் இருக்கும் கெட்டி இறகுகளை மட்டும் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “சரி” என்றார். “சரி, சரி.”

எனக்கு பிளேடு பிடிக்கும் கை உண்டு. தண்டை நீளவாக்கில் பிளந்து, குச்சியின் நாக்கில் செருகி, முனையைச் சீவ வேண்டும். முதல் முள் தடிமனாகிவிட்டது. கம்பி தகரம் மாதிரிக் கத்தியது. இரண்டாவது மெலிந்துவிட்டது, சத்தமே இல்லை. ஐந்தாவதில்தான் மதாம் சரி என்று கையை உயர்த்தினார். பக்கத்துக் கீயோடு சேர்த்து அழுத்திக் காட்டினார். இரண்டும் ஒரே அளவில் பேசின. எல்லா எழுத்தும் தாளில் ஒரே கறுப்பில் விழ வேண்டும் என்றுதானே நான் தினமும் பாடுபடுகிறேன். அதையே இப்போது காதால் செய்ய வேண்டும். பிடி கிடைத்துவிட்டது.

நான் சீவ, மதாம் சுருதி சேர்த்தபடியே இடையிடையே அந்த ராஜாவைப் பற்றிச் சொன்னார். அந்துவான் தமிழாக்கினார். ராஜா தூங்கி எழுவதைப் பார்க்கவே ரூம் நிறையப் பெரிய மனிதர்கள் நிற்பார்களாம். சட்டையை நீட்ட ஒருவர், வலது கையை நுழைக்க ஒருவர், இடது கைக்கு இன்னொருவர். ராத்திரிச் சாப்பாட்டை எல்லோர் முன்னாலும் சாப்பிடுவாராம். அப்போது பக்கத்தில் இந்த மாதிரி வாத்தியங்கள் வாசித்துக்கொண்டிருக்கும். ராணி முன்னால் உட்கார ஸ்டூல் கிடைப்பதே பெரிய மரியாதையாம், அதற்குச் சண்டையே நடக்குமாம்.

ஆபீசர் வராந்தாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “யாருக்கு சேர், யாருக்கு ஸ்டூல்னு அங்கயும் ரூல் இருந்துச்சா? எங்க டிபார்ட்மென்ட்ல இன்னைக்கும் இருக்குது” என்றார்.

மதாம் ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்களைக் காட்டி ஏதோ சொன்னார். அந்துவான் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். “அந்த ராஜா உப்புக்குப் பெரிய வரி போட்டாராம். ஒவ்வொரு வீடும் இவ்வளவு உப்பு வாங்கியே ஆவணும்னு சட்டமாம். திருட்டு உப்பு வித்தா ஜெயிலாம்.”

காசியம்மா கீற்றுக் கத்தியை இடுப்பில் செருகியபடி கேட்டாள். “அப்ப ராசா சாப்புடறப்ப வாசிச்ச பாட்டுக்கு எங்களாட்டம் உப்பு அள்றவங்கதான் கூலி குடுத்திருக்காங்க. அவங்க யாரும் அந்தப் பாட்டைக் கேட்டாங்களாமா?”

அந்துவான் அதைப் பிரெஞ்சில் சொன்னார். மதாம் சுருதிச் சாவியைக் கீழே வைத்தார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஜன்னலை நன்றாகத் திறந்துவைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கடைசி முள்ளையும் செருகி முடித்ததும், ஆபீசர் ரூமில் மதாம் வாசித்தார். ராஜாவின் சாப்பாட்டு இசை. நான் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சில்லறையைப் பித்தளைத் தட்டில் வாரி இறைத்த மாதிரி ஆரம்பித்து, அப்புறம் ஒரு ஊர்வலம் நடந்து வருகிற மாதிரி மாறியது. நான் சீவிய ஒவ்வொரு முள்ளும் வரும்போது எனக்கு நெஞ்சு குதித்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். வாசித்து முடித்ததும் மதாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் சாப்ட்டிருக்காரு ராசா” என்றாள் காசியம்மா.

4. இடைவேளை

என் வேலை முடிந்தது என்று பையைக் கட்டினேன். பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால் மதியம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கலாம். மதாம் வழியை மறித்தார்.

“நீயும் பாண்டிச்சேரி வரணுமாம்” என்றார் அந்துவான்.

“எல்லாம் சரியாதான இருக்குது?”

“வாசிக்கத் தொடங்கனாதான் தெரியும்ன்றாங்க.”

ஸ்பிரிங் பட்டை மாற்றிய வேனில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு தாண்டிப் பள்ளம் வரும்போதெல்லாம் அந்துவான் மாட்டுவண்டி வேகத்தில் இறக்கினார்.

சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கச்சேரி. மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் டப் என்று ஒரு மெல்லிய சத்தம். ஒரு ஸ்வரம் காணாமல் போனது. முள் ஒடிந்துவிட்டது. முன்வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. மதாம் முகம் மாறவில்லை. அந்த ஸ்வரம் வரும் இடத்திலெல்லாம் வேறு கீயில் ஒரு சுழற்று சுழற்றித் தாண்டிப் போனார். ஆனால் இரண்டு தடவை திரைப் பக்கம் பார்த்தார்.

இடைவேளை விட்டதும் நான் மேடை ஏறினேன். காக்கி பேன்ட், கையெல்லாம் பென்சில் கரி. கோட்டு போட்டவர்கள், பட்டுப்புடவைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குச்சியை உருவினேன். பழைய முள்ளைத் தள்ளினேன், சட்டைப்பையிலிருந்து புது இறகு எடுத்துச் சீவினேன், செருகினேன். மதாம் குனிந்து கீயை அழுத்தினார். தடிமன். முனையில் ஒரு நூல் அளவு சீவினேன். மறுபடி அழுத்தினார். இரண்டு பக்கத்துக் கீயோடும் சேர்ந்து ஒரே அளவில் பேசியது. எண்ணெய் பட்ட குச்சியையும் அப்போதுதான் உருவி என் கையில் கொடுத்து, அதையும் பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு கச்சேரி கடைசி வரை ஒரு முள்ளும் ஒடியவில்லை.

இளம் மெக்கானிக்குகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அதுவரை நான் சர்வீஸ் முடித்து, ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கியதும் பஸ் ஏறிவிடுவேன். அதற்கப்புறம் எந்த ஆபீசுக்குப் போனாலும் டைப்பிஸ்டை மிஷின் முன்னால் உட்காரவைத்து, ஒரு முழுப் பக்கம் அடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டேன். ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான். பாதி ரிப்பேரை அந்த ஒரு பக்கத்தில்தான் கண்டுபிடித்தேன்.