பன்னிரண்டு சாக்கும் கடலுக்குப் போகிற தண்ணீரும்

சாக்கு கேட்டு வந்தது என் கொழுந்தன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அவர்தான் தலைவர். வாசலில் நின்றபடியே, "மதினி, வெறுஞ்சாக்கு இருக்கா? அணைக்கட்டுக்கு வேணும்" என்றார். எதற்கென்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. யாராவது ஒன்று கேட்டால் எடுத்து வந்து கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவது என் சுபாவம். அரிசிச் சாக்கு பன்னிரண்டு இருந்தது. பன்னிரண்டையும் கொடுத்தேன்.

கார்த்திகை மாதம் அது. நாலு நாள் மழையில் கண்மாய் நிறைந்துவிட்டது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் மலையில் இறங்குகிற தண்ணீரில் கொஞ்சம் எங்கள் அணைக்கட்டில் திரும்பிக் கண்மாய்க்கு வரும். மிச்சம் அணையைத் தாண்டி விழுந்து, வழியில் மற்ற ஓடைகளோடு சேர்ந்து, வைப்பாற்றில் கலந்து கடலுக்குப் போகும். அந்த மிச்சத்தை அளக்கத்தான் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்து என் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பாள். நீளக் கம்பியின் முனையில் குட்டி மின்விசிறி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். தண்ணீருக்குள் விட்டால் அது சுற்றும். அந்த வேகத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்குப் பார்ப்பாளாம்.

முதல் நாள் சாப்பிடும்போது அவளே சொன்னாள். "ஆறும் கடலும் சேருற முகத்துவாரம் இருக்குல்லம்மா, அது உயிரோட இருக்கணும்னா எவ்வளவு நல்ல தண்ணி போகணும்னு கண்டுபிடிக்கிறோம். அங்க உப்பு எவ்வளவுன்னு அளந்துட்டோம். இங்கிருந்து எவ்வளவு போகுதுன்னுதான் தெரியல."

குழம்புக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. என் தம்பி அந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறான். பிழைப்புக்குப் போனவன் அங்கேயே கல்யாணம் முடித்து, வலைக்காரர்களோடு சேர்ந்து இறாலும் மடவை மீனும் பிடிக்கிறான். ஆற்றுத் தண்ணீர் போய் மோதினால்தான் அங்கே மணல்மேடு உடைந்து கடலுக்கு வாய் திறக்கும். இறால் குஞ்சு அந்த அரை உப்புத் தண்ணீருக்குள் வந்துதான் வளரும். வாய் மூடிக் கிடந்தால் உள்ளே நிற்கிற தண்ணீர் வற்றி, கடலைவிட அதிகமாகக் கரிக்கும். மீன் செத்து மிதக்கும். போன வருஷம் முழுக்க மூடித்தான் கிடந்தது. தம்பி வலையைப் பரணில் போட்டுவிட்டுச் செங்கல் சுமக்கப் போனான்.

இத்தனையும் என் வாய் வரைக்கும் வந்தது. ஆனாலும் வெளியில் வரவில்லை. அவள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். எங்கேயோ இருக்கிற தம்பிக்கு வேண்டிய தண்ணீரை என் வீட்டில் சாப்பிட்டு எழுந்து போய் ஒருத்தி அளக்கப் போகிறாள்!

சாக்கு கொடுத்ததற்கு மறுநாள் காலையில் அவள் முதல் அளவு எடுக்க இறங்கியிருந்தாள். தூக்குச்சட்டியில் அவளுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். அளக்கிற இடம் வளைவுக்குக் கீழே. அங்கிருந்து பார்த்தால் அணை தெரியாது. வழியில் ஓடைக்குள் நாங்கள் துணி துவைக்கிற கல் இருக்கிறது. கண்மாய் நிறைந்த கார்த்திகையில் அந்தக் கல் முங்கித்தான் கிடக்கும். பெண்கள் எல்லோரும் அழுக்குத் துணியை வீட்டுக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு அலைவோம். அன்றைக்குக் கல் வெளியே நின்றது, பாசி காய ஆரம்பித்திருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மேலே ஏறி அணைக்கட்டுக்குப் போனேன். தண்ணீர் விழுகிற உடைவாயில் மணல் சாக்குகள் அடுக்கியிருந்தன. கிழிசலுக்கு நான் போட்ட நீலநூல் தையல் பளிச்சென்று தெரிந்தது. கரையில் கொழுந்தனும் நாலு பேரும் நின்றார்கள்.

"பாத்தீகளா மதினி? ஒரு சொட்டு தாண்டாது" என்றார் அவர். "மிச்சம் போகுதுன்னு அந்தப் பொண்ணு எழுதிட்டா, பொறவு இந்தத் தண்ணிய வேற ஊருக்குத் திருப்பிருவாக. மிச்சமே இல்லன்னா எவன் கேப்பான்?"

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் ஓடையில் கணுக்கால் தண்ணீரில் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். "இந்த இடத்துக்குப் பழைய அளவு எதுவுமே இல்லம்மா. இப்ப எழுதுறதும், மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்துல ஊர்க்காரங்க சொல்றதும்தான் கணக்கு. மழைக்காலத்துலயே இவ்வளவுதான் போகும்னா, முகத்துவாரத்துக்கு இங்கிருந்து எதுவும் கேக்க முடியாது."

கூட்டத்துக்குப் பெண்களும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, இங்க வாய் இன்னும் தொறக்கல. அங்கிட்டு மழைன்னாகளே, தண்ணி வருதா?"

"வரும்லே" என்றேன். வேறு என்ன சொல்ல? அடைத்திருப்பது என் சாக்கு!

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, என்னத்துக்கு இப்படி நெளியுத? கட்டெறும்பு ஏறிருச்சா?"

ஆராய்ச்சிப் பெண் காலையில் எடுத்த அளவைப் படித்துவிட்டு, "இதுதான் வழக்கமா?" என்று கேட்டாள். கொழுந்தன் எழுந்து, "ஒரு சொட்டுத் தண்ணிய கடலுக்கு வீணா விடமாட்டோம்மா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் தட்டினாள். ஆராய்ச்சிப் பெண் பேனாவைத் திறந்தாள்.

நான் எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாக்கு என்னுது" என்றேன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "என்னம்மா?" என்றாள் அவள்.

"அணைய அடைச்சிருக்க பன்னெண்டு சாக்கும் என்னுது. நாந்தான் குடுத்தேன். துவைக்கிற கல்லு இப்ப முங்கியிருக்கணும். கண்மா நெறஞ்ச நாள்ல இருந்து மார்கழி பாதி வரைக்கும் முங்கித்தான் கெடக்கும். அம்புட்டுத் தண்ணி போகும்."

யாரோ சிரித்தார்கள். "மதினிக்குப் பேச வருமா!" என்றார் கொழுந்தன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை, எழுந்துவிட்டாள். "அவ சொல்லுறது நெசந்தான். அந்த மாசம் பூராம் துணிய எங்க போய்த் துவைக்கன்னு எங்கள்ட்டதான கேக்கணும்? ஒரு நாளாவது ஒரு வேட்டிய அலசியிருக்கீகளா நீங்க?" மற்றப் பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். எந்த வருஷம் கல் எத்தனை நாள் முங்கியது, எந்த வருஷம் முங்கவே இல்லை. அவரவர் பிரசவம், கல்யாணத்தை வைத்து அடையாளம் சொன்னார்கள். ஆராய்ச்சிப் பெண் பக்கம் பக்கமாக எழுதினாள். "மெதுவா, மெதுவா, ஒவ்வொருத்தரா!" என்றாள். என்னைவிட அவளுக்குத்தான் அதிகப் பரபரப்பு.

பிறகு கொழுந்தனிடம் சொன்னாள். "உங்க கண்மாய் நிறைய வேண்டிய தண்ணி உங்களுக்குத்தான் அய்யா. அதை முதல் வரியா எழுதுறேன், நீங்களே படிச்சுப் பாருங்க. நிறைஞ்ச பிறகு போறதைத்தான் முகத்துவாரத்துக்குக் கேக்குறேன்." அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "சரி, பிரிச்சிருவோம்" என்றார்.

இருட்டுவதற்குள் ஊருக்கு வந்துவிட்டோம். முதல் சாக்கை அவரே இழுத்தார். ஐந்தாவது சாக்கோடு தண்ணீர் பாய்ந்ததே ஒரு பாய்ச்சல்! கரையில் நின்றவர்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்து ஓவென்று கத்தினார்கள். நான் போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினேன். "ஏலே, கேக்குதா?" என்று கத்தினேன். "என்னக்கா, லாரி போகுதா?" என்றான் தம்பி.

தேங்கினது வடிந்து ஓட்டம் நிதானத்துக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில்தான் அவள் அளந்தாள். கல் முங்கியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில், இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கொழுந்தன் பிடித்திருக்க, கருவியை இறக்கினாள். எழுதிய தாளில் சாட்சிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துக் கூட்டிப் போட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மழை பெய்தது. எட்டாம் நாள் தம்பி போன் பண்ணினான். மூச்சு வாங்கியது. "அக்கா, ஒடைஞ்சிருச்சு! வாய் தொறந்துருச்சு! வலைய எறக்கிட்டேன்!" பின்னால் எத்தனையோ பேர் கத்துகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த அரிசிச் சுளகை அப்படியே போட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தன் சாக்குகளை அலசி, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்தார். "இந்தாங்க மதினி. பதினொண்ணுதான் இருக்கு."

"இன்னொண்ணு?"

"இழுக்கும்போது மணல் கொட்டி, தண்ணியோட போயிருச்சு. இந்நேரம் கடல்ல கெடக்கும்."

அவர் படி இறங்கியதும் தம்பிக்குப் போன் போட்டேன். நீலநூல் தையல் போட்ட சாக்கு ஒன்று வலையில் மாட்டினால் எடுத்து வை, அது என்னுடையது என்று சொன்னேன்.