விரல் அறியாத சூடு

சென்ற மார்கழியின் முதல் வாரத்தில், ஒரு விடியற்காலையில், என் விரலை என்னுடையது என்று ஒப்புக்கொள்ள என் கணினி மறுத்துவிட்டது. அதன் மூலையிலுள்ள சிறு சதுரத்தில் வலக்கை ஆள்காட்டி விரலை வைத்தால் திரை திறந்துகொள்ளும்படி மகன் அமைத்துக் கொடுத்திருந்தான். அன்று மூன்று முறை வைத்தேன். துடைத்து வைத்தேன், வாயால் ஊதி வைத்தேன். அது அசையவில்லை. எழுபத்து மூன்று ஆண்டுகளாக என்னோடு இருக்கும் விரல், அதற்கு யாரோ ஓர் அயலானின் விரலாகிவிட்டது.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மகனோடு புனேக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்கழி முப்பது நாளும், நாளுக்கு ஒரு திருப்பாடலும் அதற்கு நான் எழுதும் சிற்றுரையும், பல ஊர்களில் இருக்கும் அன்பர்கள் ஒரு குழுவுக்குப் போய்ச் சேரும். கதிரவன் எழுமுன் அனுப்பிவிட வேண்டும் என்பது நானே வகுத்துக்கொண்ட நியமம். குளிக்காமல் கணினியைத் தொடுவதில்லை என்பது மற்றொன்று. இறைவன் புகழை எழுதும் கருவி ஏட்டுக்கு நிகரானது என்பது என் எண்ணம். ஆகையால் அது பூசை அறையின் ஓரத்தில், கண்ணாடி பதித்த சிறு மேசைமேல் இருந்தது.

பல் துலக்கியபடியே மகன் எட்டிப் பார்த்தான்.

“என்னப்பா, நீங்க மட்டும் குளிச்சீங்களாக்கும்? அதையும் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அதான் கோவிச்சுக்கிட்டு தர்வாஜா திறக்க மாட்டேங்குது.”

என் பணி மாற்றல்களோடு வடக்கே இந்தி பேசி வளர்ந்து, இப்போது புனேயின் மகர்பட்டாக் கோபுர வீடுகளில் இருப்பவன் அவன். மற்றதெல்லாம் தடுமாறினாலும் கேலி மட்டும் அவனுக்குத் தமிழில் தடங்கலின்றி வரும்.

அடுக்களையிலிருந்து மருமகள் வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மார்கழியில் நாள்தோறும் எனக்கு முன்பே எழுந்து, குளித்து, இறைவனுக்குப் படைக்கும் பொங்கலைச் சமைப்பாள். பத்து மணிக்குமேல் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக மாலைவரை கணினியில் வேலை செய்வாள்.

“கை சில்லுனு இருந்தா அதுக்கு அடையாளம் தெரியாதுங்க மாமா. தோலு சுருங்கிப் போயிருதுல்ல,” என்று சொல்லிக் கடவுச்சொல்லை அடித்துத் திறந்து கொடுத்தாள்.

திறந்ததே தவிர, என் விரல்கள் எழுத்துகளின்மேல் மரக்கட்டைகளாய் விழுந்தன. ஓர் எழுத்துக்குப் போனவை இன்னொன்றை அழுத்தின. நான் கையைத் தேய்ப்பதைப் பார்த்தவள் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு மீண்டும் வந்தாள்.

“விரலைத் தேய்ச்சா பத்தாதுங்க. மணிக்கட்டை மூடுங்க, அங்கதான் ரத்தம் மேலாப்புல ஓடுது. இந்தக் கண்ணாடி மேல கைய வெக்காதீங்க, இருக்கற சூட்டையும் உறிஞ்சிரும். கீழ ஒரு துண்டு போட்டுக்கோங்க. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சுக் கைய முழுசாச் சுத்துங்க, தோள்லருந்து. அப்பத்தான் ரத்தம் நுனிக்குப் போகும்.”

பிறகு தன் அறைக்குள் போய் ஒரு சிறு துணிப்பையை எடுத்து வந்தாள். உள்ளங்கை அகலத்தில், பச்சரிசி நிரப்பித் தைத்தது. மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து என் மணிக்கட்டுகளின் கீழே வைத்தாள். அப்பாடா! வெதுவெதுப்பு எலும்புவரை இறங்கியது. நீலப்பூப் போட்ட அந்தத் துணி எங்கள் கூடத்துத் திரைச்சீலையின் துண்டு. அந்தச் சீலையைக் கழற்றி எறிந்து ஆண்டுகள் சில ஆகியிருந்தன. துணி பல முறை துவைத்து நூலாகத் தேய்ந்திருந்தது. இதையெல்லாம் என் கண் பார்த்தது. மனம் எதையும் கேட்கவில்லை. “இவ்வளவு விவரம் எங்கம்மா படிச்சே?” என்று மட்டும் கேட்டேன்.

“நெட்லதாங்க மாமா,” என்றாள்.

அந்த அரிசிப் பையின் உதவியால் என் உரைகள் தடையின்றி ஓடின. பாதி மாதம் கடந்தபோது மார்கழி நீராடலைப் பற்றிய ஒரு பாடல் வந்தது. அன்றைய உரையின் இறுதியில் பெருமிதத்தோடு எழுதினேன்: “புனேயின் இந்தப் பனியிலும் எங்கள் வீட்டு மருமகள் நாள்தோறும் குளிர்நீரில் நீராடி அமுது படைக்கிறாள். யாரும் சொல்லிச் செய்வதன்று. அவளுடைய அன்பு செய்விக்கிறது.” குழுவில் கைகூப்பிய படங்கள் குவிந்தன. ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

மறுநாள் நடந்தது இது.

பொங்கல் இறக்கியதும் வெண்கல உருளியை இருபுறமும் துணியால் பிடித்துக்கொண்டு பூசை அறைக்கு வருவது அவள் வழக்கம். அன்றும் வந்தாள். ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கத்துத் துணி நழுவித் தரையில் விழுந்து கிடந்ததை நான் முதலில் பார்த்தேன். பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். வெறும் விரல்கள் கொதிக்கும் உருளியின் விளிம்பைப் பற்றியிருந்தன. அவள் முகம் சுளிக்கவில்லை, நடை தவறவில்லை, குளிர்ந்த செம்பைத் தூக்கி வருபவள்போல அமைதியாக வந்தாள்.

“அம்மா! துணி! துணி!” என்று கத்தினேன்.

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். “அட,” என்று சொல்லி, உருளியைப் பலகையில் மெதுவாக இறக்கி வைத்தாள்.

பதறிப்போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். நான்கு விரல்களும் நுனியிலிருந்து நடுக்கணுவரை, கோடு கிழித்துப் பிரித்ததுபோல, வெளுத்திருந்தன. வெளுப்பு என்று சொன்னால் போதாது. சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தவை என்று தோன்றியது. அந்த நிறத்தை நான் இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். என் மனைவியை இறுதியாக வழியனுப்பிய நாளில், அவள் கைகளைச் சேர்த்துக் கட்டியபோது பார்த்த நிறம். உயிரோடு என் முன்னே நின்று, “ஒண்ணுமில்லீங்க மாமா” என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணின் கையில் அதைக் கண்டதும் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

“வலிக்கலியாம்மா?”

“இப்ப ஒண்ணும் தெரியாதுங்க. கொஞ்ச நேரம் ஆகோணும்.”

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“குளிர் காலத்துல மட்டுந்தாங்க.”

“எத்தனை குளிர் காலமா?”

“மூணு இருக்கும்,” என்றாள்.

“அந்த அரிசிப் பை...”

“எனக்குத் தெச்சதுதானுங்க. உங்களுக்குக் குடுத்ததுக்கப்புறம் இன்னொண்ணு தெக்கோணும்னு இருந்தேன். நேரமே கிடைக்கல.”

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுப்பு நீலமாகி, நீலம் சிவப்பாகியது. இரத்தம் திரும்பிய பின்னரே வலியும் வந்தது. இரண்டு விரல் நுனிகளில் கொப்புளம் எழும்பியது. அதுவரை சிரித்துச் சமாளித்தவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, குழந்தைபோல அழுதாள். ஓடிவந்த மகன், “அரே, ஏன் என்கிட்ட சொல்லலே?” என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். படைக்காத பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. அன்று குழுவுக்கு எதுவும் போகவில்லை.

எங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே ஒரு மருத்துவமனை உண்டு. காலையிலேயே மூவரும் போனோம். மருத்துவர் மராத்தியப் பெண்மணி. எங்களுக்காக இந்தியில் பேசினார். குளிர் பட்டதும் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இறுக மூடிக்கொள்ளும் தன்மை இது என்று விளக்கினார். தீக்காயத்தைக் காட்டிலும் மற்றொன்றே அவரை உறுத்தியது. மோதிர விரலின் ஓரத்தில், நகத்துக்கு அருகே, ஆறாத சிறு புண் ஒன்று இருந்தது. இரத்தம் போகாத இடத்தில் புண் வந்தால் எளிதில் ஆறாது என்றும், இப்படியே விட்டிருந்தால் விரல் நுனியையே இழக்க நேரிடலாம் என்றும் சொன்னார். கணினியில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும் எப்படித் தட்டச்சு செய்கிறாய் என்று கேட்டார். முற்பகலில் இரண்டு விரல்களால் மட்டும் என்று அவள் சொன்னாள். அவளுடைய வேலை குளிர் காலங்களில் தாமதமாவதும், மேலாளர் காரணம் கேட்டுக்கொண்டிருப்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தன.

“இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னது யார்?” என்றார் மருத்துவர்.

“பழக்கமாயிடுச்சு,” என்றாள் அவள்.

நான் முந்திக்கொண்டேன். “யாரும் சொல்லவில்லை. அவளாகவே ஏற்றுக்கொண்ட நோன்பு,” என்றேன். முந்தைய நாள் எழுதிய வரிகளின் மயக்கம் என்னை விட்டிருக்கவில்லை.

மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குறை சொல்லும் பார்வையன்று. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். பிறகு மெல்லத் தமிழில் சொன்னாள்:

“நீங்கதானுங்களே மாமா சொன்னீங்க. கல்யாணமாகி வந்த மொத மார்கழியில. கீசர் லைட்டு எரியறதப் பாத்துட்டு, ‘ராத்திரி பூரா கீசருக்குள்ள கிடந்த தண்ணியில குளிச்சிட்டு சாமிக்குப் பொங்கலாமா?’ன்னீங்க. அதுக்கப்புறம் மார்கழியில நான் கீசர் போடறதில்லீங்க.”

எனக்கு அது நினைவில்லை. இன்றும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் என்னுடையவையே என்பதில் ஐயமில்லை. நான் பேசுவது அப்படித்தான்.

“நீங்களும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறீர்களா?” என்று மருத்துவர் என்னைக் கேட்டார்.

முழங்கால் வலி வந்தபின், அடுத்த ஆண்டு மார்கழியிலேயே நான் வெந்நீருக்கு மாறிவிட்டேன். முதியவர்க்கு விலக்கு உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் குளியலறையிலுள்ள கீசரின் விசையை நாள்தோறும் போட்டேன். அந்த விலக்கை எனக்கு வழங்கிய நான், வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று எண்ணவேயில்லை.

“இல்லை. எனக்கு வெந்நீர்,” என்றேன்.

மருத்துவர் மருந்து எழுதத் தொடங்கிவிட்டார். மகனும் என்னைப் பார்க்கவில்லை. மின்தூக்கியில் மேலே போகும்போது மட்டும், “அவளுக்கு உங்களைவிட பக்தி ஜாஸ்தின்னு நினைச்சேன்பா. பாகல் நான், சுத்தப் பைத்தியம்,” என்றான். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாளரத்தருகே அமர்ந்தபோது எதிர்க் கோபுரத்தின் மொட்டைமாடி கண்ணில் பட்டது. வரிசையாகக் கருநிறத் தண்ணீர்த் தொட்டிகள். எங்கள் மாடியிலும் அவைதான். எங்கள் குழாயில் வரும் குளிர்ந்த நீரும் இரவெல்லாம் அந்தத் தொட்டிகளில், பனியில் கிடந்து வரும் நீரே. கீசரில் கிடந்தால் பழைய நீர். மாடியில் கிடந்தால் புது நீர்! ஓர் அற்ப வேறுபாடுகூட இல்லாத ஒன்றை நான் ஆசாரமாக்கி வைக்க, அதற்கு ஒருத்தி மூன்று ஆண்டுகளாகத் தன் விரல்களைக் கொடுத்திருக்கிறாள். நாவினால் இறைவனைப் பாடுவதாக எண்ணியிருந்தேன். அதே நா போகிற போக்கில் உதிர்த்த ஒரு சொல் என்ன செய்திருக்கிறது!

மறுநாள் விடியுமுன் எழுந்து, அவள் குளியலறைக்கு வெளியே இருந்த விசையை நானே போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எழுந்து வந்தபோது அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

“மாமா, நீங்க எதுக்குங்க இங்க நிக்கறீங்க?”

“வெந்நீர் தயாராயிருக்கும்மா. குளி. இன்னைக்குப் பொங்கல் நான் வைக்கேன்.”

“நீங்களா?” என்று கேட்டவள், கட்டுப்போட்ட விரல்களால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்தது சரிதான். தண்ணீரின் அளவு தெரியாமல் நான் வைத்தது குழைந்து ஓடியது. “இது பொங்கல் இல்லீங்க மாமா, கஞ்சி. சாமி உறிஞ்சித்தான் குடிக்கோணும்,” என்றாள். அதையே படைத்தேன்.

பிறகு கணினியின் முன் அமர்ந்தேன். அரிசிப் பையை அவளிடமே கொடுத்துவிட்டேன். மரத்த விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். பாடலுக்கு உரை எழுதவில்லை. “எங்கள் மருமகளின் குளிர்நீராட்டம் அவளாக ஏற்ற நோன்பு என்று எழுதினேன். அது பொய். நான் ஒருமுறை சொன்ன சொல்லுக்கு அவள் மூன்று ஆண்டுகள் கீழ்ப்படிந்திருக்கிறாள்; அதனால் அவள் விரல்கள் புண்பட்டன. நானோ வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலும் யாரேனும் உங்கள் சொல்லுக்காகக் குளிரில் நடுங்குகிறார்களா என்று இன்றே கேளுங்கள்” என்று எழுதி அனுப்பியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஓர் அன்பர், ஆசாரத்தை இப்படித் தளர்த்தலாமா என்று கேட்டார். வேறொருவர் குழுவிலிருந்து வெளியேறினார். பலர் எதுவும் எழுதவில்லை. கைகூப்பிய படம் ஒன்றுகூட வரவில்லை.

கொப்புளங்கள் உலர்ந்தன. மோதிர விரலின் புண் ஆறத் தை பிறக்க வேண்டியிருந்தது. இந்தத் தன்மை போய்விடாது, ஒவ்வொரு குளிர் காலத்திலும் காக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போது அவள் மேசையில் இரண்டு அரிசிப் பைகள் மாறி மாறிச் சூடாகின்றன. இரண்டாவதை மகன் தைத்தான், தையல் கோணல்.

கட்டுப் பிரித்த இரண்டாம் நாள் காலை, அவளுக்குக் காப்பி கலந்து, வேலை செய்யும் மேசையில் வைத்தேன். திரையைப் பார்த்தபடியே கையை நீட்டித் தம்ளரைத் தொட்டவள், “ஸ்ஸ்!” என்று விரலை உதறினாள். நான் பதறிக் குளிர்ந்த நீருக்கு ஓடினேன்.

“மாமா, மாமா, நில்லுங்க,” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பினேன். விரல் நுனிகளை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுடுதுங்க மாமா,” என்றாள்.