நோட்டீஸ் வராத சுண்டெலிகள்

நவம்பர் 14, இரவு 9.10. தூறல் விட்டிருந்தது. திருமழிசையில் என் மகன் வீட்டுத் தோட்டத்தில், வாழையடியில் நான்கு சுண்டெலிகள் மண்ணைக் கிளறின. ஈரமண்ணோடு அப்பாவின் பீடி நாற்றமும் வந்தது போலிருந்தது.

பல வருடங்களுக்கு முன், ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா ஓய்வுபெற்ற மாதம் அது. கொல்லையில் வளை தோண்டிய எலிகள்மேல் டார்ச் அடித்தார். "பாருடா, இதுங்களுக்கு நோட்டீஸ் இல்ல. நமக்குத்தான் வந்துகீது." மறுவாரம் காலி செய்தோம். அவர் வைத்த வாழை குலை தள்ளியிருந்தது. அடுத்துக் குடிவருபவருக்கென்று வெட்டவிடவில்லை. அப்புறம் அவர் ஒரு செடிகூட வைக்கவில்லை.

"இன்னாப்பா, தூங்கலயா?" மகன் வந்தான்.

"எலிடா. நாலு கீது, பாரு."

மறுநாளே மகன் சொல்லி, எலிக்கு மருந்து வைக்க ஆள் வந்துவிட்டான்.

"உன் ரூமாண்டதானே கீது, நீயே குடுத்துடுப்பா" என்றான் மகன்.

பென்ஷனிலிருந்து கொடுத்தேன். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.