கல் நிற்கும் இடம்

எறிந்த செங்கல் உச்சிமாகாளியின் கைக்குப் போய்ச் சேரும்வரை சொர்ணத்தாயின் கண் அதன் பின்னாலேயே போகும். அதன் பிறகுதான் அடுத்த கல்லுக்குக் குனிவாள். கோவில்பட்டியில் மாடி வீடுகள் மளமளவென்று எழும்பிய தொண்ணூற்றெட்டாம் வருஷம். கீழே அவள், மேலே சாரத்தில் அவன். சாயங்காலத்துக்குள் ஆயிரம் கல் ஏறிவிடும்.

சொர்ணத்தாய் ஆள் ஒல்லி. நாகலாபுரத்துக் கரிசலில் மழை பொய்த்தபோது கட்டட வேலைக்கு வந்தவள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, உள்ளங்கைகளில் சைக்கிள் டியூப் துண்டு. நனைந்த கல்லா, காய்ந்ததா என்று விரல் பட்டதுமே தெரிந்துகொள்வாள். "ஈரக் கல்லு கனம், கைவேகம் கூடுதலாக் குடுக்கணும். ஆனா ரெண்டும் ஒரே எடத்துலதான் வந்து நிக்கணும்" என்பாள். சூட்சுமமே அந்த நிற்பதில்தான். கல் ஏற ஏறத் தளர்ந்து, உச்சியில் கண்ணிமைக்கும் நேரம் நின்று, பிறகு இறங்கும். அந்த இடம் உச்சிமாகாளியின் நெஞ்சுக்கு நேராக அமையும்படி எறிவாள். அவன் அலமாரியிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக்கொள்வான்.

இருபது வருஷம் தலைச்சுமை தூக்கிக் கழுத்தெலும்பு தேய்ந்து, இனிமேல் சுமந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு அவளாகப் பழகிக்கொண்ட வேலை இது. புதிதாக வந்த மேஸ்திரி வேணுகோபாலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சும்மாட்டுத் துணியை அவள் முன்னால் போட்டார்.

"ஏட்டி, பொம்பளை எறியுத கல்லை நம்பி மேல ஆள நிப்பாட்ட முடியாது. தலையில மணல் சொம, இல்லன்னா வீட்டுக்குப் போ."

சொர்ணத்தாய்க்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கழுத்து போன பொறவு எங்கிட்ட மிச்சம் இருக்கது கைதான் அண்ணாச்சி. நீங்களே மேல ஏறிப் புடிச்சிப் பாருங்க. ஒரு கல்லு தப்புனா நானே போயிருதேன்."

அவர் ஏறினார். முதல் கல்லைக் குனிந்து பாதி வழியிலேயே பிடித்தார். கல் கையில் தங்கியது, விரல்தான் நசுங்கியது. "பாத்தியா, என்ன வேகம்!" என்று கையை உதறினார்.

"வார கல்லை எதுக்குத் தேடிப் போறீங்க? அது உங்ககிட்ட வந்து நிக்கும். நெஞ்சுக்கு நேரா கையை வச்சிக்கிட்டு சும்மா இருங்க."

சொல்லிவிட்டுச் சும்மாட்டுத் துணியை எடுத்து ஒரு கல்லில் சுற்றினாள், இறுக முடிந்தாள், எறிந்தாள். துணியோடு ஏறிய கல் வேணுகோபாலின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. அசையாமல் இருந்த கைகள் அதை வாங்கிக்கொண்டன.

அதைப் பார்க்கச் சொர்ணத்தாய் நிமிரவில்லை. அடுத்த கல்லுக்குக் குனிந்திருந்தாள்.