ரோசம்மாள் கையெழுத்துப் போடாத திருத்தம்

பாலக்கரை ரோசம்மாளுக்கு ஒன்பது வயதில் வந்த விஷக்காய்ச்சல், உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் ஏதோ இரைவது போல இருக்கும். மற்றதையெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்தாள். போன இடத்திலெல்லாம் ஒரே பதில்: "டெலிபோன் எடுக்க முடியாதேம்மா." கடைசியில் 1974இல் ஒரு தொழிற்சாலையின் கணிப்பொறிப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதை எந்திரத்தில் தட்டி, வரிக்கு ஒரு பஞ்ச் கார்டு அட்டையாகத் துளை போட்டுத் தர வேண்டும். இருபது எந்திரங்கள் சேர்ந்து போடும் இரைச்சலில் மற்றப் பெண்களுக்குச் சாயங்காலமானால் மண்டை பிளக்கும். அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வருஷம் தட்டியதில், யாரும் சொல்லித் தராமலே, அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று அவளுக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் புரோகிராமர் ரெங்கராஜின் தாளில் ஓர் இடத்தைப் பென்சிலால் சுழித்து, 'வகுக்கிற இந்த எண் பூஜ்யமாக இருந்தால் என்ன செய்வது?' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. தாளை வேறு மாதிரி எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

1983இல் ரெங்கராஜ் வேலையை விட்டுவிட்டு, புத்தூர் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் சொந்தமாகக் கணிப்பொறி நிறுவனம் தொடங்கினார். முதலில் அவர் கூப்பிட்டது ரோசம்மாளைத்தான். கணிப்பொறியோடு பிரிண்டர் மாதிரியான கருவிகளைப் பேச வைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதில் யார் எந்த வரியை மாற்றினாலும் ரோசம்மாள் படித்துப் பார்த்து, ஓரத்தில் 'ரோ' என்று போட வேண்டும். அந்த 'ரோ' இல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. அவள் அம்மா வியாகுலம்மாள் கோயில் வாசலில், "எம் பொண்ணு டிரைவருங்க தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிற ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் கம்பெனியில் வேலை என்றே தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

1986 ஆகஸ்டில், ஸ்ரீரங்கத்தில் புதிதாக வந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கணிப்பொறியும் பிரிண்டரும் கொடுக்க ஏற்பாடாயிற்று. வியாழக்கிழமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் ஒரு தலைவலி இருந்தது. பிரிண்டர் அச்சடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது விசைப்பலகையில் தட்டினால் தட்டியதில் ஓரிரு எழுத்து விழுந்து காணாமல் போய்விடும். 'கமலா' என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'கலா' என்று வந்து நிற்கும். நோயாளி பெயர் மாறிப் போனால் யார் ரத்தம் யாருடையதாகும்?

அதைச் சரி செய்தவன் கியாசுதீன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, கெட்டிக்காரன். பிரிண்டர் டிரைவரில், தன் வேலை முடியும்வரை வேறு எந்தக் கருவியும் குறுக்கே பேசக் கூடாது என்று தடுத்து வைக்கிற வரி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டான். எழுத்து விழுவது நின்றது. திங்கட்கிழமை மத்தியானம் தாள்களைக் கொண்டுவந்து ரோசம்மாள் மேஜையில் வைத்தான்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு ஓர் இடத்தில் பென்சிலை ஊன்றினாள்.

"இங்க நின்னுரும்."

"மூணு நாளா ஓடுது மேடம். ஒருதடவைகூட நிக்கல."

"ஒருதடவை நிக்கும்."

"எப்ப?"

"அது தெரியாது. ஆனா நிக்கும்."

கியாசுதீன் தாள்களை எடுத்துக்கொண்டு திரும்பினான். அடுத்த மேஜைக்காரனிடம் முணுமுணுப்பாகச் சொன்னான்: "இது என்ன பஞ்ச் கார்டா, தட்டிட்டுப் போறதுக்கு?" பக்கவாட்டில் அவன் உதடு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெங்கராஜுக்குத் தடித்த மீசை; அவர் உதட்டை அவளால் படிக்க முடியாது. அதனால் அவர் எப்போதும் துண்டுத்தாளில் எழுதித்தான் கேட்பார். அன்றும் எழுதினார்: 'வியாழன் டெமோ. போடலாமா, வேண்டாமா?'

'வேண்டாம். நாளை காலைவரை பொறுங்கள்' என்று அதன் கீழே எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனவளுக்கு அம்மா வைத்த காப்பி ஆறிப்போனது தெரியவில்லை. தப்பு இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கியாசுதீன் வருவதற்கு முன்பே அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"கோவிச்சுக்காம கேளுங்க தம்பி. எனக்குக் காது கேக்காதுன்னு வேண்டாம், நல்லா கேக்குதுன்னே வச்சுக்குங்க. நீங்க வர்றப்ப கதவைத் தட்டுறேன்னு சொல்லியிருக்கீங்க. வந்துட்டீங்களான்னு எட்டிப் பாக்குறேன், காணோம். சரி, தட்டுனா எந்திரிச்சுக்கலாம்னு படுக்கப் போறேன். எட்டிப் பாத்ததுக்கும் படுத்ததுக்கும் நடுவுல, நான் கொல்லைப்பக்கம் போயிருக்கும்போது நீங்க தட்டிட்டீங்க. அதுக்கப்புறம் நான் படுத்துட்டா, யாரு எழுப்புவா?"

கியாசுதீன் தன் தாள்களைப் பிரித்து அந்த இடத்தைப் பார்த்தான்.

"பிரிண்டர் 'நான் ரெடி'ன்னு ஒரே ஒரு தடவைதான் தட்டும். டிரைவர் அது ரெடியான்னு பாக்குது. இல்லைன்னா தூங்கப் போகுது. அந்த நடுவுல தட்டிட்டா போச்சு. பழைய வரி அந்த நேரத்துலதான் யாரையும் தட்ட விடாம நிறுத்தி வச்சிருந்துச்சு."

"அது கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லைங்க மேடம்."

"அந்த நேரத்தை நீட்டிப் பாருங்களேன். பாக்குறது, தூங்கப் போறது, அந்த ரெண்டு வரிக்கும் நடுவுல மெஷினைச் சும்மா பத்தாயிரம் வரைக்கும் எண்ணச் சொல்லுங்க. தப்பு இல்லைன்னா மெதுவா ஓடும், அவ்வளவுதான். நிக்காது."

அவன் அப்படியே எழுதி, கணிப்பொறியை நிறுத்தி மறுபடி ஓட்டினான். முதல் பக்கம் வந்தது. இரண்டாவது பக்கத்தில் பாதி வரியோடு பிரிண்டர் நின்றது. விளக்கு எரிந்தது, காகிதம் இருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. டிரைவர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ரோசம்மாள் எழுந்து தன் மேஜைக்குப் போனாள்.

பிறகு அவள் மேஜைக்கு நேராக வந்து, முகம் தெரிகிற மாதிரி நின்று சொன்னான். "நேத்து நான் ஒண்ணு சொன்னேங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுச்சு."

"மன்னிச்சுக்கங்க."

ரோசம்மாள் அலமாரியிலிருந்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தாளை எடுத்து விரித்தாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாரையும் தடுத்து வைக்கிற அந்த நீளமான வரிசை. ஓரத்தில் சிவப்பில் 'ரோ'.

"எழுத்து விழுந்ததுக்கு நான்தான் காரணம். ரெண்டு வரிக்குத் தடுத்தாப் போதுமாயிருந்துச்சு. நாப்பது வரிக்குத் தடுத்ததை நான் பாத்தும் விட்டுட்டேன். நீங்க கண்டுபிடிச்சது சரிதான் தம்பி. மொத்தமா எடுத்ததுதான் தப்பு."

அந்த இரண்டு வரிக்கு மட்டும் தடையை வைத்து அவனே மறுபடி எழுதினான். பத்தாயிரத்தை லட்சமாக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அவள் 'ரோ' போட்டாள். அதற்குப் பக்கத்தில், கேட்காமலே, 'கி' என்று அவன் ஒன்று போட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. திரும்பும்போது ஆற்றங்கரை அம்மா மண்டபம் பக்கம் வண்டியை நிறுத்தி ரெங்கராஜ் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். ரோசம்மாளிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினார்: 'என்ன வேண்டும், கேளுங்கள்.' அவள் யோசித்து எழுதினாள்: 'டெமோவுக்கு மூன்று நாள் முன்னால் கொடுக்காமல், எழுதத் தொடங்கும்போதே எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.'

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் கியாசுதீன் அரைகுறைத் தாள்களோடு அவள் எதிரில் வந்து உட்காருவான். மேடம் என்பது எப்போது அக்காவாயிற்று என்று இருவருக்கும் ஞாபகமில்லை. அவன் மனைவி கமருன்னிசாவுக்குப் பெண் பிறந்தபோது, தொட்டிலைப் பார்க்க முதலில் போனவர்களில் ரோசம்மாளும் வியாகுலம்மாளும் உண்டு.

1989இல் அவன் வளைகுடாவில் தம்மாமுக்குப் போனான். நல்ல கம்பெனி, பெரிய எந்திரங்கள். போய் நாலு மாதம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அவன் எழுதிய புரோகிராம், நாலாக மடித்த பன்னிரண்டு பக்க அச்சுத் தாள். மேலே பேனாவில் ஒரு வரி.

'இங்கே எல்லாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒருதடவை படித்துச் சொல்லுங்கள் அக்கா.'

ரோசம்மாள் பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தாள்.