இரண்டு கேமராவிலும் ஃபாயிஸா

தென்காசியில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு நடுவே ஒரு திரை தொங்கும். அந்தப் பக்கம் ஆம்பளைகள், இந்தப் பக்கம் பொம்பளைகள். ஆம்பளைகள் பக்கம் எத்தனை கேமராக்காரன் வேண்டுமானாலும் நாற்காலி மேல் ஏறி நின்று எடுக்கட்டும், கேட்பாரில்லை. பெண்கள் பக்கம் ஒரே ஒருத்திதான். ஆய்க்குடி முப்பிடாதி. அம்மன் பேரோடும் நெற்றி நிறையக் குங்குமத்தோடும் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் யாரும் முக்காட்டை இழுத்து விடமாட்டார்கள். "முப்பிடாதி கேமராதான், நீ பாட்டுக்கு இரு" என்பார்கள் பெரியவர்கள்.

இந்தப் பேரை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. பத்தாவது முடித்த கையோடு ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டுகிற வேலைக்குப் போனவள். ஒரு நிக்காஹ்வில் பெண்கள் பக்கம் போகமுடியாமல் முழித்த முதலாளி, இவள் கழுத்தில் கேமராவை மாட்டி உள்ளே தள்ளிவிட்டார். முதல் ஃபிலிம் ரோலில் பாதிப் பேருக்குத் தலை இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் திரும்பவும் இவளைத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம். படத்தை இவளே கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், இவளே அடுக்குவாள், ஆல்பத்தைத் துணியில் சுற்றி இவளே கொண்டுபோய் வீட்டுப் பெரிய மனுஷி கையில் கொடுப்பாள். சொந்தப் புருஷனுக்குக் கூட ஒரு படம் காட்டினதில்லை. புருஷன் இசக்கிதுரை போலீஸில் ஏட்டு. "களவாணிப் பயலெல்லாம் என்கிட்ட உண்மையக் கக்குதான், இவ ஒரு போட்டோ காட்ட மாட்டேங்கா" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு இருந்த ஒரே குறை பழைய கேமரா போடுகிற சத்தம். உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழும்போது 'டக்'கென்று கேட்கும். தோழிமாரோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளை அந்த 'டக்' காதில் விழுந்ததும் உதட்டை மூடிப் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடும். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்திருக்கிறது, அதில் சத்தமே வராது என்று சொன்னவன் மணிகண்டபிரபு.

சுரண்டைக்காரன். திரைக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகளைப் படம் எடுக்கிறவன் பெரும்பாலும் அவன்தான். ஆறேழு வருஷமாக ஒரே மண்டபத்தில் இவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். பந்தி முடிந்து சட்டி காலியாவதற்குள் அவனுக்கு ஒரு தட்டு பிரியாணியை எடுத்து வைத்து, "தம்பி சாப்பிட்டியாலே?" என்று கேட்டு அனுப்புகிறவள் முப்பிடாதி. இது போக அவன் ஒரு யூடியூப் சேனலும் நடத்தினான். இந்தக் கேமராவா அந்தக் கேமராவா, எது நல்லது என்று ஒப்பிட்டுப் பேசுகிற சேனல். பேச்சு நன்றாகத்தான் இருக்கும், பார்க்கத்தான் ஆள் கிடையாது.

சாரல் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் வாங்குகிற விலையில் இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை எடுத்துக்கொண்டு வந்தான். "ஒப்பிட்டு வீடியோ போடுததுக்கு கடையில இரவலா வாங்கிட்டு வந்தேங்க்கா. நீங்களும் கையில எடுத்துப் பாருங்க. பாக்காம வாங்கிராதிய." ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனார்கள். குற்றாலத்தில் அன்றைக்கு எள் விழ இடமில்லாத கூட்டம். எண்ணெய் தேய்த்த முதுகுகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. முப்பிடாதி கேமரா ரெண்டுக்கும் பேர் வைத்துவிட்டாள், பெரியவள், சின்னவள் என்று.

பெரியவளுக்குக் கைப்பிடி நல்ல வாகு. கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை உண்டு, வெயிலடித்தாலும் கவலையில்லை. ஆனால் கனம். ஒரு கல்யாணம் முழுக்கச் சுமந்தால் பிடரி கழன்றுவிடும். சின்னவள் உள்ளங்கைக்குள் அடங்கினாள். ஓட்டை கிடையாது, பின்னால் இருக்கிற திரையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும். ஆனால் இருட்டில் கெட்டிக்காரி, ஆள் எங்கே திரும்பினாலும் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். முப்பிடாதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முடிவுக்கு வர முடியவில்லை.

"அருவியில என்ன தெரியும்? நம்ம வேலை மண்டபத்து லைட்டுல்லா" என்றான் பிரபு. "வர்ற வாரம் ஃபாயிஸா கல்யாணம் இருக்கு. ரெண்டையும் கொண்டு போயி எடுங்க. அங்கன தெரிஞ்சு போவும்."

என்ன நல்ல மனசு என்று நினைத்தாள் முப்பிடாதி. பாவி மனுஷிக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

ஃபாயிஸா, நஸீபாவின் ஒரே மகள். நஸீபாவின் கல்யாண வாழ்க்கையில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முப்பிடாதி அறிவாள். அந்த வீட்டு அடுக்களை வரை போய் உட்காருகிறவள். தெருவில் நாலு வீட்டுக் கல்யாணத்துக்கு இவளைச் சொல்லிவிட்டதே நஸீபாதான். "முப்பிடாதி எடுத்தா படம் வெளிய போவாது, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் சொல்லிவிடுவாள்.

கல்யாணத்தன்று பெண்ணை ஜோடிக்கிற அறையில் இரண்டு கேமராவையும் மாற்றி மாற்றி எடுத்தாள். சத்தத்தை அடைத்துவிட்டுப் பெரியவளால் எடுத்தால் மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் படம் கோடு கோடாக வந்தது. சின்னவளுக்கு அந்தச் சீக்கு இல்லை. ஃபாயிஸா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று சிக்கெடுத்த குப்பி, அவள் வாப்பாவின் தங்கை, என்னவோ கேலி பேச, பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து வாய் கொள்ளாமல் சிரித்தது. சின்னவள் ஒரு சத்தமும் போடாமல் அதைப் பிடித்துவிட்டாள். கேமராத் திரையில் அதைப் பார்த்த முப்பிடாதிக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு படம் அவளுக்கு அமைந்ததில்லை. சின்னவளைத்தான் வாங்குவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்ததும் தன் மெமரி கார்டுகளைக் கழற்றி இடுப்பு பர்ஸில் வைத்துக்கொண்டு, வெறும் கேமராக்களைத்தான் பிரபுவிடம் திருப்பிக் கொடுத்தாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஒரு வாரம் போயிருக்கும். "வீடியோ ஏத்திட்டேங்க்கா, பாருங்க" என்று பிரபு அனுப்பியிருந்தான். சோறு வடித்துவிட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். முதலில் ஐந்தருவி வந்தது. கனம், பேட்டரி, திரை என்று அவன் சொன்னதெல்லாம் இவள் அன்றைக்கு அவனிடம் சொன்னதுதான். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "இனிமேதான் மெயின் டெஸ்ட். கல்யாண மண்டபத்து லைட்டுல பொண்ணு முகம் எதுல நல்லா வருதுன்னு பாப்போம்" என்றான். படம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பெரியவள் எடுத்த ஃபாயிஸா. வலது பக்கம் சின்னவள் எடுத்த ஃபாயிஸா, முக்காடு இல்லாமல், அவிழ்ந்த தலைமுடியோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. அவன் அதைப் பெரிதாக்கி, கன்னத்தின் நிறத்தை அம்புக்குறி போட்டுக் காட்டினான். கீழே எழுத்து ஓடியது: 'படம்: முப்பிடாதி அக்கா, ஆய்க்குடி.'

இத்தனை நாள் பார்க்க ஆளில்லாத சேனலில் இந்த ஒரு வீடியோவை ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள்.

போன் போட்டாள். பிரபு குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் இருப்பதாகச் சொன்னான். கட்டின சேலையோடு பஸ் ஏறினாள். அவன் ஸ்டாண்டில் குடையைக் கட்டி வைத்து, அடுத்த வீடியோவுக்கு மலையையும் மேகத்தையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஃபாயிஸா படம் உன் கைக்கு எப்படிலே வந்துச்சு?"

"கேமரா ரெண்டும் என் போனோட கனெக்ட் ஆயிருந்துச்சுக்கா. நீங்க எடுக்க எடுக்க சின்ன சைஸ்ல ஒரு காப்பி போனுக்கு வந்துரும். நான் திரைக்கு அந்தப் பக்கம், கிட்டத்துலதானே நின்னேன்."

"அது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் லென்ஸைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான். "தெரியும்."

"தெரிஞ்சுதான் ரெண்டையும் என் கழுத்துல மாட்டி அனுப்புனியா?"

"அக்கா, அருவியை எல்லாப் பயலும் எடுக்கான். இப்படி ஒரு டெஸ்ட்டு ஒருத்தன்கிட்டயும் கிடையாது. மூஞ்சிதானே, வேற என்ன இருக்கு அதுல? நான் திருடிட்டுப் போகலயே. உங்க பேரையும் போட்டிருக்கேன், பாத்தியளா இல்லியா?"

பேர் போட்டிருக்கிறானாம். அந்தப் பேரால்தான் அவள் செத்தாள். பேர் போடாமல் விட்டிருந்தால் எவனோ களவாண்டு போட்டான் என்றாவது ஜனங்கள் நினைக்கும். இப்போது இவளே எடுத்துக் கொடுத்தாள் என்று அவனே எழுதி ஒட்டிவிட்டானே. சோறு போட்ட கையை வெட்டிவிட்டு அதற்கு மோதிரமும் போட்டுவிட்டேன் என்கிறான். முப்பிடாதியின் கை செருப்புக்குப் போகாதது அவன் அப்பன் ஆத்தா செய்த புண்ணியம்.

"உன்னையத் தம்பின்னுல்லா நினைச்சேன்" என்றாள். "அழிலே அதை, இப்பமே."

"இப்பதான் நல்லா ஏறிக்கிட்டு வருது, அழிக்கச் சொல்லுதிய" என்று முனகிக்கொண்டே அவள் கண் முன்னால் வீடியோவை அழித்தான். போனில் இருந்ததையும் அழித்தான். ஆனால் அதிலிருந்து வெட்டி வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பிவிட்டார்கள், அதற்குத் தான் ஒன்றும் பண்ண முடியாது என்றான். அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டான், "அப்ப எதைத்தான்க்கா வாங்குதிய, சின்னதையா?"

ராஸ்கல் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

வீட்டுக்கு வந்த இசக்கிதுரை கேட்டதும் கொதித்தார். "எழுதிக் குடு. இன்னிக்கே பயலைத் தூக்கி உள்ள வைக்கேன்."

"கேஸுன்னா படத்தைக் காட்டணும்லா?"

"காட்டாம எப்படி? அதுதானே ஆதாரம்."

"அப்ப ஸ்டேஷன்ல எத்தனை ஆம்பளை பாப்பிய? கோர்ட்டுல எத்தனை பேரு பாப்பாவ?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று முப்பிடாதி லேப்டாப்பையும் கார்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு நஸீபா வீட்டுக்குப் போனாள். நஸீபா எப்போதும் போல அடுக்களைக்குக் கூப்பிடவில்லை. முன்னறையில் நாற்காலியைக் காட்டினாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"காலையிலயே கடையநல்லூர்ல இருந்து சம்பந்தியம்மா படத்தை அனுப்பிட்டாவ" என்றாள். "கீழ உன் பேரு போட்டிருக்கு."

முப்பிடாதி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் சொல்வது தனக்கே கட்டுக்கதை மாதிரிக் கேட்டது. கார்டு இவளிடம்தான் இருந்ததாம், படம் தானாகப் பறந்து போயிற்றாம். யார் நம்புவார்கள்?

"நீ குடுத்திருக்க மாட்டே. நான் நம்புதேன்" என்றாள் நஸீபா. "ஆனா நான் நம்பி என்ன செய்ய? வெளிய போவாது, அதுக்கு நான் பொறுப்புன்னு நாலு வீட்டுல சொல்லி வச்சேனே. அவுகள்லாம் இப்ப என்னையல்லா கேக்காவ. இனிமே நான் ஒருத்தர்கிட்டயும் உன் பேரைச் சொல்ல முடியாது முப்பிடாதி. நீயும் இங்கன வராண்டாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் முப்பிடாதி காலில் விழுந்திருப்பாள். நஸீபா அழுதுகொண்டே சொன்னாள், அதனால் விழவும் முடியவில்லை.

உள்ளேயிருந்து ஃபாயிஸா வந்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து காலையில்தான் அனுப்பி வைத்திருந்தார்கள். எப்போது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லையாம். மருதாணி இன்னும் கையில் சிவப்பாக இருந்தது.

"என் படம் அம்புட்டையும் அழிச்சிருங்கக்கா. என் முன்னாலயே."

"அம்புட்டையுமா? உங்க உம்மாகூட நீ இருக்குதது, குப்பிமாரு, கூட்டாளிய எல்லாரும்..."

"அம்புட்டையும்."

முப்பிடாதி லேப்டாப்பைத் திறந்தாள். கார்டுகளை முதலில் துடைத்தாள். பிறகு படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். ஃபாயிஸா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அவளுடைய கல்யாணத்தில் பெண்கள் பக்கம் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக இல்லாமல் போயிற்று. அந்தச் சிரிப்புப் படம் வந்ததும் முப்பிடாதியின் விரல் நின்றது. ஃபாயிஸாவும் குனிந்து பார்த்தாள்.

"இதுல நான் நல்லாருக்கேம்லாக்கா?"

"ரொம்ப நல்லாருக்கே."

"அழிச்சிருங்க."

அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனாள். ஃபாயிஸா மூடியில் கையை வைத்துத் தடுத்தாள்.

"அழிச்சதெல்லாம் அந்தக் குப்பைத்தொட்டிக்குள்ள கிடக்குமாம்லா. அதையும் காலி பண்ணிட்டு, காட்டுங்க."

இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் யாரும் முப்பிடாதியிடம் காட்டு என்று கேட்டதில்லை. அவள் காலி பண்ணினாள். லேப்டாப்பைத் திருப்பி, பிள்ளை நன்றாகப் பார்க்கும்படி காட்டினாள்.